2147483647: இந்த முதன்மை எண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் கற்பித்து வருகிறேன். அதே கட்டடத்தின் மேல்மாடியில் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப வகுப்பும் நடப்பதால், அங்கே 2147483647 என்ற எண்ணைச் சந்தித்துவிட்டுப் படியிறங்கும்போதே என்னிடம் விளக்கம் கேட்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். சில வேளைகளில் அவர்களுடைய பெற்றோரும் கேட்பதுண்டு. பெரும்பாலான ஐயங்களின் அடியில் ஒரே குழப்பம்தான் இருக்கிறது: அந்த எண் ஒரு முதன்மை எண் என்பதும், அது கணினியில் ஓர் எல்லையாக நிற்கிறது என்பதும் வெவ்வேறு செய்திகள் என்பதை யாரும் பிரித்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. எந்தப் பண்பு எங்கிருந்து வருகிறது என்பதை இங்கே கேள்வி கேள்வியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

முதன்மை எண் என்றால் 1 ஆலும் தன்னாலும் மட்டும் வகுபடும் எண்தானே? அப்படியென்றால் 1 ஏன் முதன்மை எண் இல்லை?

சரியாக இரண்டு காரணிகள் உள்ள எண்ணே முதன்மை எண். 1 இற்கு ஒரே ஒரு காரணிதான் உண்டு என்பதால் அது சேராது. இது வெறும் சொல் விளையாட்டு அன்று. ஒவ்வோர் எண்ணையும் முதன்மை எண்களின் பெருக்கமாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுதலாம் என்ற தேற்றம், 1 ஐ உள்ளே விட்டால் உடைந்துவிடும்; 6 ஐ 2 × 3 என்றும் 1 × 2 × 3 என்றும் 1 × 1 × 2 × 3 என்றும் எழுதிக்கொண்டே போகலாம். தமிழ்நாட்டு நூல்களில் இதே எண்களைப் "பகா எண்கள்" என்பார்கள், இரண்டும் ஒன்றே.

சேர், இந்த எண்ணை வாயால் எப்படிச் சொல்வது?

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. முதன்மை எண்களை 2, 3, 5, 7 என்று வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தால், இது 105097565 ஆவதாக வரும்.

புத்தகங்களில் இதை ஏன் எப்போதும் 2³¹ − 1 என்று எழுதுகிறார்கள்? பத்து இலக்கத்தை எழுத அவ்வளவு சோம்பலா?

சோம்பல் இல்லை, அந்த வடிவத்தில்தான் இந்த எண்ணின் உயிர் இருக்கிறது. பதின்ம முறையில் 999 என்பது 1000 இலிருந்து ஒன்று குறைந்தது போல, 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் கொண்ட துவித முறையில் 2³¹ − 1 என்பது தொடர்ச்சியாக முப்பத்தொரு ஒன்றுகள். 2147483647 என்று எழுதும்போது அந்த ஒழுங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை.

இரண்டின் வலுவிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் முதன்மை எண்கள், 17 ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த மரன் மெர்சென் என்ற துறவியின் பெயரால் மெர்சென் முதன்மை எண்கள் எனப்படுகின்றன. அவர் 1644 இல் வெளியிட்ட சுட்டிகளின் (2³¹ இல் மேலே நிற்கும் 31 போன்ற எண்களின்) பட்டியலில் 31 சரியாகவே இடம்பெற்றிருந்தது. ஆனால் 67, 257 ஆகிய சுட்டிகளைத் தவறாகச் சேர்த்தும், 61, 89, 107 ஆகியவற்றை விட்டும் இருந்தார். சுட்டி 2, 3, 5, 7, 13, 17, 19 என வரும் ஏழு எண்களுக்கு அடுத்து, நம்முடைய எண் எட்டாவது.

சுட்டி முதன்மை எண்ணாக இருந்தால் விடையும் முதன்மை எண்ணாகத்தான் வருமா?

வராது. ஆனால் மறுபக்கம் உண்மை: சுட்டி முதன்மையாக இல்லாவிட்டால் விடை ஒருபோதும் முதன்மையாக இராது. 2⁶ − 1 ஐத் துவிதத்தில் எழுதினால் 111111 என்று ஆறு ஒன்றுகள் வரும். அவற்றை இரண்டு இரண்டாகக் கட்டினால் 11 × 10101 என்று பிரிந்துவிடும்; அதாவது 63 = 3 × 21. ஆறைச் சம கட்டுகளாகப் பிரிக்க முடிந்ததால் எண்ணும் பிரிந்தது. முப்பத்தொன்றை அப்படிக் கட்ட முடியாது. ஆகவே நம்முடைய எண் முதல் வாசலைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை என்பதற்கு 2¹¹ − 1 = 2047 = 23 × 89 என்பதே போதும். இத்தாலியரான பியேத்ரோ கத்தால்தி 1603 இல் 23, 29, 31, 37 ஆகிய நான்கு சுட்டிகளும் முதன்மை எண்களைத் தரும் என்று எழுதினார். 2²³ − 1 ஐ 47 வகுக்கிறது, 2³⁷ − 1 ஐ 223 வகுக்கிறது என்று 1640 இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா காட்டினார். 2²⁹ − 1 ஐ 233 வகுப்பதை அடுத்த நூற்றாண்டில் சுவிஸ் கணிதவியலாளர் ஒய்லர் காட்டினார். நான்கில் 31 மட்டுமே தப்பியது. கத்தால்தி அதைச் சரியாகச் சொன்னார் என்பதை விட, அது தற்செயலாகச் சரியாக அமைந்தது என்பதே நேர்மையான கூற்று.

இது முதன்மை எண் என்று உறுதிப்படுத்த 214 கோடி எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஓர் எண் இரண்டு காரணிகளாகப் பிரியுமானால் அவற்றுள் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 46340 இன் வர்க்கம் 2147395600; 46341 இன் வர்க்கம் 2147488281, அது நம்முடைய எண்ணை விடப் பெரிது. எனவே 46340 வரை பார்த்தால் போதும். அதிலும் முதன்மை எண்களால் மட்டும் வகுத்தால் போதும். அந்த எல்லைக்குள் அவை 4792 உள்ளன. கையால் செய்பவருக்கு இதுவும் பெருஞ்சுமைதான்.

ஒய்லர் 1772 இல் கணினி இல்லாமல் இதைச் செய்தார் என்கிறார்கள். 4792 தடவை வகுத்தாரா?

இல்லை. வகுப்பதற்கு முன்பே பெரும்பாலானவற்றைக் காரணம் காட்டித் தள்ளிவிட்டார். இந்தப் பக்கத்தில் நான் மிகவும் விரும்பும் பகுதி இதுதான், பொறுமையாக வாசிக்கவும்.

நம்முடைய எண்ணை வகுக்கும் ஒரு முதன்மை எண் இருப்பதாகக் கொண்டு அதைக் "க" என்போம். அப்போது 2³¹ ஐ க ஆல் வகுத்தால் மீதி 1. இரண்டின் எந்த மிகச் சிறிய வலு மீதி 1 ஐத் தருகிறதோ, அந்தச் சுட்டி 31 ஐ வகுக்க வேண்டும். 31 முதன்மை எண் என்பதால் அது 1 அல்லது 31. அது 1 ஆக இருந்தால் 2 ஐ க ஆல் வகுத்து மீதி 1 வரவேண்டும், அது நடவாது. எனவே அது 31. பெர்மாவின் சிறிய தேற்றத்தின்படி இரண்டின் (க − 1) ஆம் வலுவும் மீதி 1 ஐத் தருகிறது. ஆகவே க − 1 ஐ 31 வகுக்கும். க ஒற்றை எண் என்பதால் 2 உம் வகுக்கும். முடிவு: க என்பது 62 இன் ஏதோ ஒரு மடங்கை விட ஒன்று கூடியது.

இரண்டாவது சல்லடை இதை விட அழகானது. 2³¹ இன் மீதி 1 என்றால் 2³² இன் மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶ இன் வர்க்கம். ஆக, க வைப் பொறுத்தவரை 2 என்பது ஒரு வர்க்கத்தின் மீதி. அப்படி அமைய வேண்டுமானால் க ஐ 8 ஆல் வகுக்கும்போது மீதி 1 ஆகவோ 7 ஆகவோ இருக்க வேண்டும் என்பது ஒரு தேற்றம். இரண்டு சல்லடைகளையும் சேர்த்தால், க ஐ 248 ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வரலாம். 63, 249, 311, 497, 559 என்று அந்த வரிசை செல்கிறது. 63 ஐ விட்டுவிட்டு 46340 வரை எண்ணினால் 372 எண்கள் கிடைக்கின்றன. வரலாற்று நூல்களில் ஒய்லரின் வேலை "அதிகபட்சம் 372 வகுத்தல்கள்" என்று சொல்லப்படுவதன் கணக்கு இதுவே. அவற்றுள்ளும் முதன்மை அல்லாதவற்றைத் தள்ளினால் வேலை இன்னும் பல மடங்கு குறையும்.

நான் 311 ஆல் வகுத்துப் பார்த்தேன். கல்குலேட்டரில் 6905092.113 என்று வருகிறது. இதிலிருந்து மீதியை எப்படி எடுப்பது?

தசமப் பகுதியைப் பார்க்க வேண்டாம். முழு எண் பகுதியான 6905092 ஐ 311 ஆல் பெருக்கினால் 2147483612. கழித்தால் மீதி 35. முந்தைய விடையிலுள்ள வரிசையில் 63 உம் 249 உம் முதன்மை எண்கள் அல்ல என்பதால் முதலில் சோதிக்க வேண்டியது 311. அதற்கடுத்த முதன்மை எண் 1303, அங்கே மீதி 226. கணிப்பானின் திரையில் பத்து இலக்கம் தெரிந்தால் எல்லாவற்றையும் இவ்வாறே செய்யலாம்.

ஒருமுறை ஆறு மாணவர்கள் தலைக்கு 62 வகுத்தல்களாகப் பங்கிட்டு, 372 ஐயும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தார்கள். அவர்களில் ஒருவர் முதலிலேயே எண்ணைப் பிழையாகப் பிரதி செய்திருந்ததால் 62 ஐயும் மறுபடி செய்ய நேர்ந்தது. ஒய்லருக்கு அப்போது ஏறத்தாழ 65 வயது. கண்பார்வையும் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. அதைச் சொன்ன பிறகு அந்த மாணவர் முணுமுணுப்பதை நிறுத்தினார்.

வகுக்காமலே கண்டுபிடிக்கும் முறை ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. எதுவார் லூக்கா 19 ஆம் நூற்றாண்டில் கண்டதை டெரிக் லேமர் 20 ஆம் நூற்றாண்டில் செப்பனிட்டார். 4 இல் தொடங்க வேண்டும். கையிலுள்ள எண்ணை வர்க்கித்து, 2 ஐக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். சுட்டியை விட இரண்டு குறைவான தடவைகள் இப்படிச் செய்தபின் பூச்சியம் வந்தால், அப்போது மட்டுமே, எண் முதன்மையானது. 2⁵ − 1 = 31 இற்கு: 4, 14, 8, 0. மூன்றே படிகள், பூச்சியம். 2047 இற்கு ஒன்பது படிகளின் பின் 1736 வருகிறது. ஆகவே அது முதன்மை எண் அன்று. கவனியுங்கள், 23 × 89 என்ற காரணிகள் இங்கே எங்கும் தலைகாட்டவில்லை.

நம்முடைய எண்ணுக்கு 29 படிகள்: 4, 14, 194, 37634, 1416317954 வரை வகுக்கவே தேவையில்லை, அதன்பின்தான் உழைப்பு. கடைசியில் பூச்சியம் வருவதற்கு அதற்கு முந்தைய எண்ணின் வர்க்கம் மீதி 2 ஐத் தரவேண்டும். ஒய்லரைப் பற்றிய விடையில் 2¹⁶ இன் வர்க்கம் மீதி 2 ஐத் தந்தது நினைவிருக்கலாம். எனவே இருபத்தெட்டாவது படியில் 2¹⁶ ஆகிய 65536, அல்லது அதை நம்முடைய எண்ணிலிருந்து கழித்து வரும் 2147418111, இவ்விரண்டில் ஒன்றுதான் வந்தாக வேண்டும். வேறு ஏதாவது வந்தால் கணக்கில் பிழை.

பெர்மாவின் தேற்றத்தையே சோதனையாக வைக்கலாமே? 2 இன் வலுவை எடுத்து மீதி 1 வருகிறதா என்று பார்த்தால் முடிந்தது அல்லவா?

மற்ற எண்களுக்கு அது பயனுள்ள முதற்சோதனை. இந்தக் குடும்பத்துக்கு மட்டும், அடி (வலு எடுக்கப்படும் எண்) 2 ஆக இருக்கும்வரை, அது ஒன்றையும் சொல்லாது. சுட்டி ஒற்றையான முதன்மை எண்ணாக உள்ள எந்த மெர்சென் வடிவ எண்ணும், அது முதன்மையானாலும் ஆகாவிட்டாலும், அந்தச் சோதனையில் சித்தியடைந்துவிடும். 2047 ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 2¹¹ இன் மீதி 1, 2046 என்பது 11 இன் மடங்கு, எனவே 2²⁰⁴⁶ இன் மீதியும் 1. ஆனால் 2047 முதன்மை எண் அன்று. பரீட்சைத் தாளைத் தயாரித்தவரே விடையெழுதப் போனது போன்றது அது. அடியை 3 ஆக மாற்றினால் சோதனைக்கு மீண்டும் பொருள் வரும்.

இதற்குப் பக்கத்தில் வேறு முதன்மை எண்கள் உண்டா? இரட்டை முதன்மை எண்ணா இது?

முந்தையது 2147483629, அடுத்தது 2147483659. ஒரு பக்கம் இடைவெளி 18, மறுபக்கம் 12. இந்த அளவிலான எண்களிடையே சராசரி இடைவெளி ஏறத்தாழ 21 என்பதால், இவை சற்று நெருக்கமான அயலவர்கள்தான்.

இரண்டு வித்தியாசத்தில் சோடி சேர வாய்ப்பில்லை. இரண்டு குறைந்த எண் 5 இல் முடிகிறது. இரண்டு கூடியது 2³¹ + 1. சுட்டி ஒற்றையாக இருக்கும்போது இந்த வடிவம் எப்போதும் 3 ஆல் வகுபடும். ஆனால் அப்படி வகுத்து வரும் 715827883 தானும் ஒரு முதன்மை எண். ஒன்றைக் கழித்தாலும் முதன்மை, ஒன்றைக் கூட்டி மூன்றால் வகுத்தாலும் முதன்மை என்ற இந்த இரட்டைப் பேறு எல்லாச் சுட்டிகளுக்கும் வாய்ப்பதில்லை.

செவ்விய எண்ணுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தன்னைத் தவிர்ந்த காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண் செவ்விய எண்; 6 = 1 + 2 + 3 என்பது முதலாவது. ஒரு மெர்சென் முதன்மை எண்ணை, அதை விட ஒன்று கூடிய எண்ணின் அரைவாசியால் பெருக்கினால் செவ்விய எண் கிடைக்கும் என்பது யூக்கிளிட்டின் முடிவு. இரட்டையான செவ்விய எண்கள் எல்லாமே அவ்வாறுதான் வரும் என்பது ஒய்லரின் முடிவு. நம்முடைய எண்ணிலிருந்து வருவது 2305843008139952128. ஒன்றிலிருந்து 2147483647 வரையுள்ள எல்லா எண்களையும் கூட்டினாலும் இதே விடைதான்.

இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா? 13 = 4 + 9 என்பது போல?

முடியாது. ஒரு வர்க்கத்தை 4 ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 0, 1, 2 இற்கு மேல் போகாது. நம்முடைய எண் 4 இன் மடங்கிலிருந்து ஒன்று குறைந்தது, ஆகவே அதன் மீதி 3.

எழுமாற்று எண்களை உண்டாக்க இந்த எண்ணைப் பயன்படுத்துகிறார்கள் என்று படித்தேன். முதன்மை எண்ணுக்கும் எழுமாறுக்கும் என்ன உறவு?

இங்கேதான் எண்ணின் முதன்மைத் தன்மை உண்மையாகவே வேலை செய்கிறது. லேமர், மேலே சொன்ன அதே லேமர், 1951 அளவில் முன்வைத்த முறை எளியது: ஓர் எண்ணை ஒரு நிலையான பெருக்கியால் பெருக்கி, நம்முடைய எண்ணால் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்வது. 1988 இல் பார்க், மில்லர் என்ற இருவர் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்த பெருக்கி 16807. 1 இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று தொடர் செல்லும். செய்நிரலை எழுதிப் பார்ப்பவர்கள் பத்தாயிரமாவது எண் 1043618065 ஆக வருகிறதா என்று சரிபார்க்கலாம்.

வகுத்தி முதன்மை எண்ணாக இருப்பதால், தக்க பெருக்கியைத் தேர்ந்தால், தொடர் 1 முதல் 2147483646 வரையுள்ள ஒவ்வோர் எண்ணையும் ஒரு தடவை தொட்ட பின்னரே திரும்பத் தொடங்கும். எந்தப் பெருக்கி தக்கது என்பதை அறிய, ஒன்று குறைந்த எண்ணின் காரணிகள் வேண்டும்: 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. இதைக் கொண்டு கணித்தால் தக்க பெருக்கிகள் 534600000 உள்ளன. அவற்றுள் மிகச் சிறியது 7. 16807 என்பது 7⁵. 2147483646 ஐ 5 வகுக்காததால் அதுவும் தக்கதே. மாறாக 2 ஐப் பெருக்கியாக எடுத்தால், 31 படிகளில் தொடர் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். காரணம் ஒய்லரைப் பற்றிய விடையிலேயே இருக்கிறது.

வடிவத்தாலும் ஒரு நன்மை உண்டு. 99 ஆல் வகுக்கும் மீதியைக் காண இலக்கங்களை இரண்டிரண்டாக வெட்டிக் கூட்டுகிறோம் அல்லவா, அதுபோல 2³¹ − 1 ஆல் வகுக்கும் மீதியைக் காணத் துவித இலக்கங்களை முப்பத்தொன்று முப்பத்தொன்றாக வெட்டிக் கூட்டினால் போதும். கணினி வகுத்தலே செய்வதில்லை.

அப்படியானால் லொத்தர் இலக்கத்தை இதனால் சொல்லிவிடலாமா?

முடியாது. ஆனால் இந்த முறையில் வரும் ஓர் எண்ணைத் தெரிந்தவர் அடுத்து வரும் அத்தனையையும் சொல்லிவிடலாம். அதனால்தான் இது சீட்டிழுப்புக்கும் கடவுச்சொல்லுக்கும் பொருந்தாது.

கணினியில் மிகப் பெரிய முழு எண் இதுதான் என்று படித்தோம். முதன்மை எண் என்பதால்தான் இதைத் தெரிவு செய்தார்களா?

இதுதான் நான் அதிகம் கேட்ட கேள்வி. விடை: இல்லை. 32 பிட் (துவித இலக்க) இடத்தில் ஒன்றை நேர், மறைக் குறிக்கு ஒதுக்கினால் மிச்சம் 31. எல்லாவற்றையும் ஒன்றால் நிரப்பினால் வருவது 2³¹ − 1. அங்கே முதன்மைத் தன்மைக்கு எந்த வேலையும் இல்லை. 16 பிட் இடத்தின் எல்லை 32767. அது 7 × 31 × 151. 64 பிட் இடத்தின் எல்லை 2⁶³ − 1. சுட்டி 3 இன் மடங்கு என்பதால் அதுவும் 7 ஆல் வகுபடும். 8 பிட்டுக்கு வரும் 127 முதன்மை, 32 பிட்டுக்கு வரும் நம்முடைய எண்ணும் முதன்மை; நான்கில் இரண்டு தற்செயலாக அமைந்தன. பொறியியலாளர்கள் இடத்தின் நீளத்தைத் தெரிவு செய்தார்கள். எண்ணைத் தெரிவு செய்யவில்லை.

அடையாள அட்டை இலக்கத்தைச் செய்நிரலில் முழு எண்ணாக வைத்தேன், சிலருக்குச் சரியாக வருகிறது, சிலருக்கு ஏதோ எண் வருகிறது. ஏன்?

பழைய தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருந்தன. எழுத்தை விட்டால் எந்த ஒன்பது இலக்க எண்ணும் 214 கோடிக்குள் அடங்கும். 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் பன்னிரண்டு இலக்கங்கள். அவை 32 பிட் எல்லையை ஏறத்தாழ தொண்ணூறு மடங்கு தாண்டிவிடும். சில மொழிகளில் அது பிழையாக அறிவிக்கப்படும், சிலவற்றில் மௌனமாகத் தப்பான எண்ணாக மாறும், சிலவற்றில் 2147483647 ஆகவே வெட்டப்படும். கொழும்புத் தொலைபேசி இலக்கத்தின் 011 இலுள்ள முன் பூச்சியம் தொலைந்துபோவதும் இதனோடு சேர்ந்த தொல்லை. கூட்டவோ பெருக்கவோ போகாத இலக்கங்களை எழுத்துத் தொடராக வைப்பதே முறை.

பணத்திலும் இதே கவனம் தேவை. கணக்காளரான ஒரு தந்தையிடம், ரூபாயைச் சதமாக்கி 32 பிட்டில் வைத்தால் இரண்டு கோடியே பதினான்கு இலட்சத்துச் சொச்சம் ரூபாயுடன் இடம் முடிந்துவிடும் என்று சொன்னேன். கொழும்பில் ஒரு வீட்டின் விலையையே அதில் எழுத முடியாது போலிருக்கிறதே என்றார்.

2038 இல் ஏதோ நடக்கப் போகிறதாமே, அதுவும் இந்த எண்ணாலா?

ஆம், ஆனால் எல்லை என்ற வகையில் மட்டுமே. பல முறைமைகள் நேரத்தை 1970 சனவரி 1 இலிருந்து கடந்த வினாடிகளாக எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கை நம்முடைய எண்ணைத் தொடும் கணம், இலங்கை நேரப்படி 2038 சனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடி. இன்னமும் 32 பிட்டிலேயே எண்ணிக்கொண்டிருக்கும் கருவிகள் அடுத்த வினாடியில் 1901 டிசம்பருக்குத் தாவக்கூடும். 64 பிட்டுக்கு மாறிய கருவிகளுக்கு இந்தக் கவலை இல்லை.

வங்கிகளின் இரகசியக் குறியீட்டுக்குப் பெரிய முதன்மை எண்கள் வேண்டும் என்கிறார்கள். இது போதுமா?

போதாது. 2048 பிட் சாவி ஒன்றுக்கு ஏறத்தாழ 309 இலக்கங்கள் கொண்ட இரண்டு முதன்மை எண்கள் வேண்டும். நம்முடையதற்குப் பத்தே இலக்கங்கள். அளவு போதுமாக இருந்தாலும் மெர்சென் எண்கள் இதற்கு உதவா. பூட்டின் வலிமை, எந்த முதன்மை எண் என்று பிறர் அறியாமையில் இருக்கிறது. மெர்சென் முதன்மை எண்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை, எல்லோருக்கும் தெரிந்தவை.

இதுதான் ஒரு காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய முதன்மை எண்ணா?

"மனிதர் அறிந்தவற்றுள்" என்று சேர்த்துக்கொண்டால் ஆம். முதன்மை எண்கள் முடிவற்றவை என்று யூக்கிளிட் நிறுவியதால் உண்மையில் மிகப் பெரியது என்று ஒன்று இல்லை. 1772 முதல் 1867 வரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இதுவே முன்னிலையில் நின்றது. 1867 இல் லான்றி என்ற பிரெஞ்சுக்காரர் 2⁵⁹ − 1 ஐப் பிரித்து 3203431780337 ஐக் கண்டார். இதற்கிடையில் 1811 இல் பீட்டர் பார்லோ, இந்த எண்ணிலிருந்து வரும் செவ்விய எண்ணே இனி எக்காலத்திலும் மிகப் பெரியதாக இருக்கும், பயனில்லாத ஒன்றை இதற்கு மேல் யாரும் தேடமாட்டார்கள் என்ற பொருளில் எழுதினார். 1876 இல் லூக்கா 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 ஐ நிறுவினார். 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 இற்கு 41024320 இலக்கங்கள். அதைக் கண்டவர் லூக் டூரன்ட், 1996 இல் தொடங்கிய கூட்டுத் தேடலில் பங்கேற்றவர். அங்கும் முடிவை உறுதிசெய்தது லூக்கா-லேமர் சோதனைதான்.

31 தானே 2⁵ − 1. அப்படியென்றால் 2147483647 ஐச் சுட்டியாக வைத்தால் இன்னும் பெரிய முதன்மை எண் வருமே?

நல்ல கேள்வி, சுட்டி முதன்மையாக இருப்பதால் வாசலில் தடை இல்லை. 5, 31, 2147483647 என்று மூன்று படிகளும் முதன்மை எண்களே. நான்காவது படியில் வரும் எண்ணுக்கு 646456993 இலக்கங்கள். அதில் லூக்கா-லேமர் சோதனையை ஓட்டுவது இன்றைய கணினிகளுக்கும் மிகப் பெரிய வேலை. ஆனால் சோதனையே தேவைப்படவில்லை, ஏனெனில் ஒய்லரின் சல்லடை இங்கும் செல்லும்: காரணி ஏதாவது இருந்தால் அது 2147483647 இன் இரட்டை மடங்கொன்றை விட ஒன்று கூடியதாகவும், 8 ஆல் வகுக்கையில் மீதி 1 அல்லது 7 தருவதாகவும் இருக்க வேண்டும். அப்படித் தேடியவர்களுக்கு 295257526626031 அகப்பட்டது. ஆகவே நான்காவது படி முதன்மை எண் அன்று.

அது உண்மையிலேயே வகுக்கிறது என்று காட்ட, 2 ஐ மீண்டும் மீண்டும் வர்க்கித்து மீதியை எடுத்துக்கொண்டு போகும் சிறிய செய்நிரல் போதும். சுட்டி முப்பத்தொரு ஒன்றுகளால் ஆனதால் முப்பது வர்க்கிப்புகளில் முடிந்துவிடும். இடைப்பெருக்கங்கள் 64 பிட்டையும் தாண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். காரணி சல்லடைக்குள் அடங்குகிறது என்பதைத் தாளிலேயே பார்க்கலாம்: ஒன்றைக் கழித்து 2147483647 ஆல் வகுத்தால் மீதியின்றி 137490 வரும், அது இரட்டை எண், கடைசி மூன்று இலக்கங்களான 031 ஐ 8 ஆல் வகுத்தால் மீதி 7.